மீட்டருக்கு அப்பால் தண்ணீர் விலை: கேட்பார் இல்லாத கட்டணம்

புது தில்லி:

தலைநகர் தில்லியில் குழாய் மூலம் வரும் ஆயிரம் லிட்டர் குடிநீரின் குறைந்தபட்ச விலை ரூ.5.27. தில்லி குடிநீர் வாரியம் 2018 பிப்ரவரியில் நடைமுறைப்படுத்திய கட்டண அட்டவணை இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால், அந்தத் தண்ணீர் வாரியத்தின் மீட்டரைக் கடந்து வீட்டு உரிமையாளர், குடியிருப்போர் சங்கம், கட்டுமான நிறுவனம் ஆகியோர் கைக்குச் சென்று, அங்கிருந்து வாடகைதாரரின் குடத்துக்கு வரும்போது என்ன விலை என்பதை எந்த அட்டவணையும் சொல்வதில்லை.

குடிநீர்க் கட்டணத்தைப் பற்றி தில்லி சட்டப்பேரவையிலும் நாடாளுமன்றத்திலும் கடந்த 10 ஆண்டுகளில் எழுந்த விவாதங்களுக்குக் கணக்கில்லை. இலவசக் குடிநீர் சரியா, தவறா? யமுனையில் ஹரியாணா விடும் நீர் போதுமா? வாரியத்தின் நிலுவையைத் தள்ளுபடி செய்யலாமா? இவை அனைத்தும் மீட்டர் வைத்திருப்பவரைப் பற்றிய விவாதங்கள். மீட்டருக்குப் பின்னால் வாழ்பவரிடம் யார், எவ்வளவு வசூலிக்கலாம் என்ற கேள்வி எந்த அவையிலும் உரிய இடத்தைப் பெறவில்லை. தில்லிக்கு மட்டும் உரிய பிரச்னையும் அன்று இது. மும்பை, பெங்களூரு, குருகிராம் என வேலை தேடி மக்கள் குவியும் நகரங்கள் அனைத்துக்கும் பொதுவானது.

இலவசம் யாருக்குச் சேருகிறது?

2015 பிப்ரவரியில் ஆட்சிக்கு வந்த ஆம் ஆத்மி கட்சி, மாதம் 20 கிலோ லிட்டர், அதாவது 20 ஆயிரம் லிட்டர் வரை பயன்படுத்தும் வீடுகளுக்குக் குடிநீர் இலவசம் என அறிவித்து, மார்ச் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. மீட்டர் பொருத்தப்பட்டு, அது இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 20 ஆயிரம் லிட்டருக்கு மேல் ஒரு லிட்டர் கூடினாலும் சலுகை முழுவதும் போய்விடும். முதல் லிட்டரில் இருந்தே கட்டணம் செலுத்த வேண்டும். 2025 பேரவைத் தேர்தலில் ஆம் ஆத்மியைத் தோற்கடித்து ஆட்சியைப் பிடித்த பாஜகவும், நடைமுறையில் உள்ள நலத்திட்டங்கள் தொடரும் என்று வாக்குறுதி அளித்தே வாக்குக் கேட்டது.

இந்த விதி ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம், ஒரு குடும்பத்துக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில் எழுதப்பட்டது. தில்லியின் நெருக்கமான குடியிருப்புகளிலும், நகருக்குள் சிக்கிக்கொண்ட பழைய கிராமங்களிலும் நிலைமை அப்படியில்லை. ஒரே கட்டடத்தில் மாடிக்கு ஒன்றாகவும், அறைக்கு ஒன்றாகவும் குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன. அவர்கள் அனைவருக்கும் மீட்டர் ஒன்றே.

நான்கு குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குடும்பத்திலும் ஐந்து பேர். குடும்பத்துக்கு மாதம் 7 கிலோ லிட்டர் எனச் செலவானால், ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 47 லிட்டர்தான் கிடைக்கிறது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 172 லிட்டர் என்பது தில்லியில் வீட்டு உபயோகத்துக்கு வகுக்கப்பட்ட அளவு. இக்குடும்பங்கள் பயன்படுத்துவது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் நான்கு குடும்பங்களும் சேர்ந்து 28 கிலோ லிட்டரை எட்டிவிடுவதால், இலவச வரம்பைத் தாண்டியவர்களாகிறார்கள்.

முதல் 20 கிலோ லிட்டருக்கு தலா ரூ.5.27, அடுத்த 8 கிலோ லிட்டருக்கு தலா ரூ.26.36, அந்தப் படிநிலைக்கான சேவைக் கட்டணம் ரூ.219.62, நீருக்கான தொகையில் 60 சதவீதம் கழிவுநீர்ப் பராமரிப்புக் கட்டணம் எனக் கூட்டினால், மாதம் சுமார் ரூ.725 வருகிறது. அதே தெருவில் தனி வீட்டில் 19 கிலோ லிட்டர் செலவழிக்கும் ஒரு குடும்பம் ஒரு பைசாவும் செலுத்த வேண்டியதில்லை. தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிப்போரை ஊக்குவிக்க வகுத்த விதி, ஒரே மீட்டரில் நெருக்கியடித்து வாழ்வோரைத் தண்டிப்பதாக முடிகிறது.

இந்த ரூ.725-ஐ நான்காகப் பிரித்தால் குடும்பத்துக்கு ரூ.181. உரிமையாளர் அந்தத் தொகையைத்தான் வாங்குகிறாரா, ரூ.300 வாங்குகிறாரா, ரூ.500 வாங்குகிறாரா என்பது வாரியத்துக்குத் தெரியாது. மீட்டரில் 20 கிலோ லிட்டருக்குக் கீழ் பதிவாகி, வாரியத்திடம் இருந்து பூஜ்யம் ரூபாய்க்கு ரசீது வந்தாலும், வாடகைதாரரிடம் தண்ணீருக்கு மாதாந்திரத் தொகை வாங்கக் கூடாது என்று தடுப்பாரும் இல்லை. வாரியத்தின் ரசீது உரிமையாளர் பெயரில் வருகிறது. நுகர்வோர் எண்ணும் அவருடையதே. எண் இல்லாதவர் புகார் செய்ய வேண்டுமானால் முதல் படியிலேயே நின்றுவிட நேர்கிறது.

மின்சாரத்துக்கு ஒரு நீதி

மின்சாரத்தில் இதே பிரச்னை எழுந்தபோது சட்டம் வேறு விதமாக நடந்துகொண்டது. மின்சாரச் சட்டம் 2003-இன்படி, உரிமமோ விதிவிலக்கோ இல்லாமல் மின்சாரத்தை யாரும் விநியோகிக்கவோ, வர்த்தகம் செய்யவோ முடியாது. கட்டணத்தை நிர்ணயிப்பது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள் ஒரே முனையில் மின்சாரத்தைப் பெற்று உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதற்கு 2005-இல் மத்திய அரசு தனி ஆணை பிறப்பித்தது.

அதன் அடுத்த கட்டமாக, மின் நுகர்வோர் உரிமை விதிகள் 2020-இல் வந்தன. 2024 பிப்ரவரியில் அவற்றில் திருத்தம் கொண்டுவரப்பட்டது. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் உள்ளவர்கள் தனித்தனி இணைப்பு வேண்டுமா, ஒரே முனை இணைப்பு போதுமா என்பதைத் தாங்களே தீர்மானிக்கலாம். அதற்கு மின் விநியோக நிறுவனமே வாக்கெடுப்பு நடத்த வேண்டும். ஒரே முனை இணைப்பில் இருப்பவர்களும் தனி இணைப்பில் இருப்பவர்களும் செலுத்தும் கட்டணத்தில் சமநிலை இருக்க வேண்டும். வீட்டுப் பயன்பாடு, ஜெனரேட்டர் மின்சாரம், பொது இடங்களுக்கான மின்சாரம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே கணக்கிட வேண்டும் என்று அத்திருத்தம் கூறுகிறது. இடையில் நிற்பவர் கட்டணத்தை எல்லாம் ஒன்றாகக் குழப்பி வசூலிக்க முடியாது என்பதே இதன் பொருள்.

தில்லி அரசும் 2019 செப்டம்பரில் வாடகைதாரர்களுக்கான மின் மீட்டர் திட்டத்தை அறிவித்தது. வாடகை ஒப்பந்தமும் வாடகை ரசீதும் இருந்தால் போதும். வீட்டு உரிமையாளரின் தடையில்லாச் சான்று இல்லாமலேயே முன்பணம் செலுத்தும் மீட்டரைப் பெறலாம் என்றது அத்திட்டம். அதுவரை மின் மானியம் மீட்டர் வைத்திருந்தவருக்குப் போயிற்று. மின்சாரத்தைப் பயன்படுத்தியவருக்குப் போகவில்லை. அந்தக் குறையை அரசே ஒப்புக்கொண்டதன் விளைவே அத்திட்டம்.

மின்சாரத்துக்கு மட்டும் இத்தகைய பாதுகாப்பு அமைந்ததற்கு அரசமைப்புச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. மின்சாரம் பொதுப் பட்டியலில் உள்ளது. எனவே நாடாளுமன்றம் சட்டம் இயற்ற முடிந்தது. தண்ணீர், மாநிலப் பட்டியலின் 17-ஆவது இனம். நகர்ப்புறங்களில் வீட்டு உபயோகத்துக்கான நீர் வழங்கல், 74-ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 12-ஆவது அட்டவணையில் நகராட்சிகளின் பணிகளுள் ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது. தண்ணீர் விலையை முறைப்படுத்தும் அதிகாரமும் பொறுப்பும் மாநிலத்துக்கும் உள்ளாட்சிக்கும் உரியவை. அவை பெரும்பாலும் தம் மீட்டரோடு நின்றுவிட்டன.

ஒழுங்குமுறை ஆணையம் இருந்தும்...

நீருக்கு ஒழுங்குமுறை ஆணையம் வேண்டும் என்று மத்திய அரசு சொல்லாமல் இல்லை. 13-ஆவது நிதி ஆணையம் நீர்த் துறை மானியத்துக்கு அதையே நிபந்தனையாக வைத்தது. ஒவ்வொரு மாநிலமும் நீர்க் கட்டணத்தை நிர்ணயிக்கத் தனி ஆணையம் அமைக்க வேண்டும் என 2012 தேசிய நீர்க் கொள்கையும் பரிந்துரைத்தது. அதற்கு முன்பே, 2005-இல் மகாராஷ்டிரம் சட்டம் இயற்றி ஆணையத்தை அமைத்து முன்னோடியானது.

ஆனால், மகாராஷ்டிர ஆணையம் நிர்ணயிப்பது மொத்த நீர்க் கட்டணத்தை. அணையில் இருந்து பாசனத்துக்கும், தொழிற்சாலைக்கும், நகராட்சிக்கும் தரும் நீருக்கு என்ன விலை என்பதே அதன் பணி. நகராட்சி தன் குடிமக்களிடம் வசூலிப்பது நகராட்சியின் முடிவு. குடிமகனின் வீட்டில் வாடகைக்கு இருப்பவரிடம் வசூலிப்பது யாருடைய முடிவும் இல்லை. அணையில் தொடங்கும் கண்காணிப்பு, நீர் கீழே வர வரத் தளர்ந்து, பயன்படுத்துவோரின் வாசலில் முற்றிலும் நின்றுவிடுகிறது.

குடிசைவாசிகளின் நிலை இன்னும் சிக்கலானது. 2000-ஆவது ஆண்டுக்குப் பிறகு எழுந்த குடிசைகளுக்குக் குடிநீர் இணைப்புத் தர மும்பை மாநகராட்சி மறுத்து வந்ததை எதிர்த்து 'பானி ஹக் சமிதி' என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், மும்பை உயர் நீதிமன்றம் 2014 டிசம்பர் 15-இல் தீர்ப்பளித்தது. உயிர் வாழும் உரிமையை உறுதி செய்யும் 21-ஆவது பிரிவில் குடிநீரும் அடங்கும். சட்டவிரோதக் கட்டடத்தில் வசிக்கிறார் என்பதற்காக ஒருவருக்குத் தண்ணீர் தர மறுக்க முடியாது என்றது நீதிமன்றம். அதே தீர்ப்பு, சட்டப்படியான கட்டடங்களில் வசிப்போரைவிட இவர்களிடம் கூடுதல் கட்டணம் வசூலிக்க மாநகராட்சிக்கு இடமளித்தது. உரிமையை நிலைநாட்டிய தீர்ப்பிலேயே விலை வேறுபாட்டுக்கும் வழி திறந்துவிடப்பட்டது. 2022 மே மாதம் 'அனைவருக்கும் தண்ணீர்' என்ற கொள்கையை மாநகராட்சி அறிமுகப்படுத்தியது.

மும்பைக் குடிசைப் பகுதிகளில் பல குடும்பங்கள் குழுவாகச் சேர்ந்து ஒரே இணைப்பைப் பெறுவது வழக்கம். குழுவின் சார்பில் ஒருவர் பொறுப்பேற்றுப் பணம் வசூலித்துக் கட்டுகிறார். அவர் நேர்மையானவராக இருந்தால் கணக்கும் நேர்மையாக இருக்கும். விதி செய்ய வேண்டிய வேலையை அங்கு ஒரு தனிமனிதரின் நாணயம் செய்துகொண்டிருக்கிறது.

நிலம் யாருடையது, தண்ணீர் யாருடையது?

தில்லியில் இந்தச் சிக்கலின் வேர் நிலத்தில் இருக்கிறது. 1991-இல் 69-ஆவது திருத்தத்தின் மூலம் தில்லிக்குச் சட்டப்பேரவை கிடைத்தபோது காவல், பொது ஒழுங்கு, நிலம் ஆகிய மூன்றும் மத்திய அரசிடம் நிறுத்திவைக்கப்பட்டன. 1998-இல் தனிச் சட்டத்தின் மூலம் உருவான குடிநீர் வாரியம் தில்லி அரசின்கீழ் இயங்குகிறது. தில்லி வளர்ச்சி ஆணையம் மத்திய அரசின்கீழ் இயங்குகிறது. ஆக, குழாய் ஓர் அரசிடமும், குழாய் செல்ல வேண்டிய மண் இன்னோர் அரசிடமும் உள்ளன.

தலைநகரில் 1,731 அங்கீகாரமற்ற காலனிகளில் வசிப்போருக்குச் சொத்துரிமை வழங்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2019 டிசம்பரில் நிறைவேற்றியது. சுமார் 40 லட்சம் பேர் பயனடைவர் என்று மத்திய அரசு தெரிவித்தது. இதுபோன்ற காலனிகளையும் குடிசைகளையும் இடிப்பில் இருந்து காக்கும் சிறப்புச் சட்டத்தின் ஆயுளை 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் மீண்டும் நீட்டித்து, 2026 டிசம்பர் 31 வரை என்றாக்கியது. 2006 முதல் தவணை தவணையாக நீட்டிக்கப்பட்டு வந்த பாதுகாப்பு இது. அந்தப் பாதுகாப்பும் எல்லோருக்கும் எட்டுவதில்லை. தமிழர்கள் பல ஆண்டுகளாக வாழ்ந்த ஜங்புரா 'மதராசி கேம்ப்' குடிசைகள், பாராபுல்லா வடிகாலைச் சீரமைப்பதற்காக உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2025 ஜூன் 1-இல் இடிக்கப்பட்டன. சுமார் 370 குடிசைகளில் 189 குடும்பங்களே நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதி பெற்றன.

தன் கூரை தன்னுடையது, அதன் அடியில் உள்ள மண் தன்னுடையதல்ல என்ற நிலையில் வாழ்பவர் தண்ணீருக்குப் பேரம் பேச முடியாது. கிடைக்கும் இடத்தில், சொல்லும் விலைக்கு வாங்க வேண்டியவராகிறார்.

அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே நிலையில் ஒரு பிரிவினர் உள்ளனர். நகர்த்தக்கூடிய ஆயத்த வீட்டைச் சொந்தமாக வாங்கி, அதைத் தனியாருக்குச் சொந்தமான வளாகத்தில் வாடகை நிலத்தில் நிறுத்தி வாழ்பவர்கள் அவர்கள். வளாகத்துக்கு வரும் தண்ணீரை நிர்வாகம் வாங்கி அவர்களுக்குப் பிரித்துத் தருகிறது. கலிபோர்னியா மாநிலம் 2021-இல் இதற்கென்றே சட்டம் இயற்றியது. நிர்வாகம் தண்ணீருக்குத் தனியே கட்டணம் வசூலித்தால், குடியிருப்பவர் பயன்படுத்திய அளவுக்கான தொகை, நிலையான கட்டணத்தில் அவருடைய பங்கு, வரம்புக்கு உட்பட்ட ஒரு சிறிய ரசீதுக் கட்டணம் ஆகியவற்றை மட்டுமே கேட்கலாம். தண்ணீரை விற்று லாபம் பார்க்க இடமில்லை. ஆயத்த வீடுகளின் வளாகத்துக்குப் பொருந்தும் இந்த எளிய நியாயம், சங்கம் விகாரின் ஒரு வாடகை அறைக்கும் பொருந்தும்.

டேங்கர் சொல்லும் விலை

குழாயே போகாத இடங்களில் மீட்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை. தில்லியில் 24.8 சதவீத வீடுகளுக்குக் குழாய் நீர் இல்லை என்றும், டேங்கர்களை நம்பியிருப்போருக்கு நாளொன்றுக்குத் தலா 3.82 லிட்டர் மட்டுமே கிடைத்தது என்றும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2013-இல் சுட்டிக்காட்டியது. அதன்பின் குழாய் வலைப்பின்னல் வெகுவாக விரிவடைந்தது. 93 சதவீதத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குக் குழாய் நீர் எட்டியிருப்பதாக 2022-23 தில்லி பொருளாதார ஆய்வறிக்கை கூறியது. ஆனாலும், குழாய் இருப்பது வேறு; கோடையில் அதில் தண்ணீர் வருவது வேறு என்பதை 2024 ஜூன் மாதம் காட்டியது.

அந்த மாதம் 12-ஆம் தேதி, தண்ணீர்ப் பற்றாக்குறை தொடர்பான வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்ற விடுமுறைக் கால அமர்வு, டேங்கர் மாஃபியா மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தில்லி அரசைக் கேட்டது. அப்போதைய அமைச்சர் அதிஷி ஹரியாணாவிடம் நீர் கேட்டு உண்ணாவிரதம் இருந்தார். ஆட்சி மாறிய பிறகு, 2025 ஏப்ரல் 20-இல் முதல்வர் ரேகா குப்தா, இருப்பிடம் காட்டும் கருவி பொருத்திய 1,111 டேங்கர்களைத் தொடங்கி வைத்தார். அரசு டேங்கர் எங்கே போகிறது என்பதைக் கண்காணிக்க இது உதவும். தனியார் டேங்கர் என்ன விலை கேட்கிறது என்பது அந்தக் கருவியின் எல்லைக்குள் வராது.

டேங்கர் விலையை உள்ளூர் நிர்வாகம் நேரடியாக நிர்ணயித்த அண்மைக்கால உதாரணம் பெங்களூரு. 2024 மார்ச் மாதம் கடும் தட்டுப்பாடு நிலவியபோது, பெங்களூரு நகர மாவட்ட நிர்வாகம் விலைப்பட்டியலை வெளியிட்டது. 5 கிலோ மீட்டர் தொலைவுக்குள் 6 ஆயிரம் லிட்டருக்கு ரூ.600, 8 ஆயிரம் லிட்டருக்கு ரூ.700, 12 ஆயிரம் லிட்டருக்கு ரூ.1,000, 10 கிலோ மீட்டர் வரை முறையே ரூ.750, ரூ.850, ரூ.1,200. நான்கு மாதங்களுக்கு இந்த விலை என்று அறிவிக்கப்பட்டது.

உச்சவரம்பு விதித்ததன் மூலம் விலையைக் கட்டுப்படுத்த முடியும் என்று பெங்களூரு காட்டியது. கூடவே இன்னொரு உண்மையும் வெளிப்பட்டது. 6 ஆயிரம் லிட்டருக்கு ரூ.600 என்றால் கிலோ லிட்டருக்கு ரூ.100. அன்று பெங்களூரு குடிநீர் வாரியம் வீடுகளிடம் முதல் படிநிலையில் வசூலித்தது கிலோ லிட்டருக்கு ரூ.7, மிக உயர்ந்த படிநிலையில் ரூ.45. அரசு 'நியாயமானது' என்று நிர்ணயித்த டேங்கர் விலையே குழாய் நீரின் தொடக்க விலையைப்போல் 14 மடங்கு. கட்டுப்பாடு இல்லாத விலை எங்கே நின்றிருக்கும் என்பதை ஊகிக்கலாம். உலகின் பல நகரங்களில் வசதியானவர்களைவிடக் குடிசைவாசிகள் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 மடங்கு கூடுதலாகச் செலவிடுகின்றனர் என்று ஐ.நா.வின் மனித வளர்ச்சி அறிக்கை 2006-இலேயே கூறியது.

நாடாளுமன்றம் சொல்லாமல் விட்டது

மத்தியச் சட்டங்கள் இந்தப் பிரச்னையின் ஓரத்தைத் தொட்டுச் சென்றிருக்கின்றன. 2016-இல் நாடாளுமன்றம் இயற்றிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, குடியிருப்பு வளாகத்தை உரிமையாளர் சங்கம் ஏற்கும்வரை அத்தியாவசியச் சேவைகளைக் கட்டுமான நிறுவனமே 'நியாயமான கட்டணத்தில்' வழங்க வேண்டும் என்கிறது. எது நியாயமான கட்டணம்? வாரியத்தின் விலையா, டேங்கர் விலையா, நிறுவனம் தன் செலவைக் கூட்டிச் சொல்லும் விலையா? அதற்குச் சட்டத்தில் அளவுகோல் இல்லை. தில்லியை ஒட்டிய குருகிராமில் தனியார் உருவாக்கிய காலனிகளில் வசிப்போருக்கு இது அன்றாடப் பிரச்னை.

2021 ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், வாடகைதாரருக்குத் தண்ணீர் உள்ளிட்ட அத்தியாவசியச் சேவைகளை உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்கிறது. இதற்கு முன்னரே, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டத்திலும் இப்பாதுகாப்பு உண்டு. தில்லியின் 1958-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலும் இருந்தது. ஆனால், 1988 திருத்தத்துக்குப் பிறகு மாத வாடகை ரூ.3,500-ஐத் தாண்டும் இடங்கள் அச்சட்டத்தின் வரம்பிலிருந்து விலகிவிட்டன. அதற்கு மாற்றாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய 1995-ஆம் ஆண்டுச் சட்டம், குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றும் நடைமுறைக்கு வராமலே போயிற்று.

தண்ணீரை நிறுத்துவது குற்றம் என்று சொல்லும் சட்டங்கள், நிறுத்தாமல் எந்த விலைக்குத் தரலாம் என்பதை உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் இடையிலான ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டன. எழுத்தில் ஒப்பந்தமே இல்லாத லட்சக்கணக்கான வாடகை அறைகளில் அதற்கு என்ன பொருள்?

2021 அக்டோபரில் தொடங்கிய இரண்டாம் கட்ட அம்ருத் திட்டம், அனைத்து நகரங்களிலும் வீடுதோறும் குழாய் இணைப்பு என்பதை இலக்காகக் கொண்டது. மதிப்பீடு ரூ.2.99 லட்சம் கோடி. இணைப்புகளின் எண்ணிக்கையை அது கணக்கிடுகிறது. ஓர் இணைப்பின் பின்னால் எத்தனை குடும்பங்கள், அவர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பது அந்தக் கணக்கில் சேர்ந்தால்தான் வீடுதோறும் என்ற சொல்லுக்குப் பொருள் கிடைக்கும்.

மறுபக்க வாதம்

வீட்டு உரிமையாளர்களும் சங்கங்களும் கூறுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. வாரியம் தருவது தரைமட்டத் தொட்டிக்குத்தான். அங்கிருந்து மாடிக்கு ஏற்றும் மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும். தொட்டியைக் கழுவ ஆள் வேண்டும். ஒழுகும் குழாயைச் சரிசெய்யச் செலவாகும். பற்றாக்குறை நாளில் டேங்கர் வாங்கும் செலவும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. வாரியத்தின் விலைக்கே கொடு என்றால் யாரும் பராமரிக்க மாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். விலைக்கு உச்சவரம்பு வந்தால் லாரிகள் ஓடாது என்பது டேங்கர் உரிமையாளர்களின் எச்சரிக்கை.

எனவே, செலவை மறுக்கும் விதி பயன் தராது. செலவை வெளிப்படையாக்கும் விதிதான் தேவை. வாரியத்தின் ரசீதைக் குடியிருப்போர் அனைவரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுவது. தண்ணீருக்கான தொகையையும் பராமரிப்புக்கான தொகையையும் பிரித்துக் காட்டுவது. பராமரிப்புக்கு உச்சவரம்பு விதிப்பது. டேங்கர் நீருக்கு ரசீது கட்டாயம் என்பது. மின்சாரத்தில் 2024 முதல் விதியாகவே இருக்கும் இந்தப் பிரித்துக் காட்டும் முறையைத் தண்ணீருக்குக் கொண்டுவர அணை கட்ட வேண்டியதில்லை. குழாய் பதிக்க வேண்டியதில்லை. வாரியத்தின் கட்டண விதிகளில் சில வரிகளைச் சேர்த்தால் போதும்.

இரண்டாவதாக, ஒரு மீட்டரின் பின்னால் எத்தனை குடும்பங்கள் உள்ளன என்பதைப் பதிவு செய்து, இலவச வரம்பையும் படிநிலையையும் குடும்பக் கணக்கில் கொண்டுவர வேண்டும். அப்படிச் செய்தால், மேலே சொன்ன நான்கு குடும்பங்களுக்கு 80 கிலோ லிட்டர் வரை கட்டணமே வராது. பொய்க் கணக்கு காட்டுவார்கள் என்ற அச்சம் எழலாம். வாடகை ஒப்பந்தமும் ரசீதும் மின் மீட்டருக்குப் போதுமான சான்றுகள் என்றால், தண்ணீருக்கும் போதுமானவையே.

மூன்றாவது தேவை, புகார் கேட்க ஓர் அதிகாரி. மாதம் 100 ரூபாய் கூடுதலாகப் பறிகொடுப்பவர் அதற்காக நீதிமன்றம் போக மாட்டார். நுகர்வோர் எண் இல்லாதவரின் மனுவையும் வாங்கி, உரிமையாளரின் கணக்கைக் கேட்டு, உள்ளூரிலேயே தீர்த்துவைக்கும் அதிகாரம் வாரியத்தின் மண்டல அலுவலருக்கோ, மாநகராட்சிக்கோ, மாவட்ட நிர்வாகத்துக்கோ தரப்பட வேண்டும். நெருக்கடி நேரத்தில் ஒரு மாவட்ட நிர்வாகத்தால் லாரித் தண்ணீருக்கு விலை நிர்ணயிக்க முடியும் என்பதைப் பெங்களூரு காட்டிவிட்டது. நெருக்கடி வந்த பிறகுதான் அந்த அதிகாரம் விழித்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை.

மத்திய அரசு நேரடியாகச் சட்டம் இயற்ற முடியாதுதான். ஆனால், வாடகைக்கு மாதிரிச் சட்டம் அனுப்பியதுபோல், தண்ணீரைப் பிரித்து வழங்குவதற்கும் மாதிரி விதிகளை மாநிலங்களுக்கு அனுப்பலாம். 13-ஆவது நிதி ஆணையம் செய்ததுபோல், அம்ருத் நிதியோடு அதை இணைக்கலாம். ஏற்றுக்கொள்வது மாநிலங்களின் விருப்பம்.

2025 அக்டோபரில் தில்லி அரசு, குடிநீர்க் கட்டண நிலுவை மீதான தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஆம் ஆத்மி அரசு முன்வைத்த ஒரே முறைத் தீர்வுத் திட்டம், அரசுக்கும் துணைநிலை ஆளுநருக்கும் இடையிலான மோதலில் சிக்கியது. எந்தக் கட்சி ஆண்டாலும் சலுகை, மீட்டர் வைத்திருப்பவரின் ரசீதில்தான் வந்து சேருகிறது. அந்த ரசீதைக் கண்ணால் காணாத வாடகைதாரர், ஒவ்வொரு மாதமும் வாடகையோடு சேர்த்துத் தண்ணீர்ப் பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிடுகிறார். அவரும் வாக்காளர்தான், அவருக்கு மட்டும்தான் இன்னும் நுகர்வோர் எண் கிடைக்கவில்லை.